கிள்ளான், கோலாலம்பூர்: ஊர்ப்பெயர்களும் தமிழ் ஒலிமரபும்

ஊர்ப்பெயர் ஒன்று வேற்றுமொழிக்குள் புகுங்கால் அதன் இலக்கணமும் உடன்புகுவதில்லை. ஏதென்ஸ் என்னும் நகரின் பெயர் பழங்கிரேக்கத்தில் பன்மை வடிவினது. தமிழிலோ அஃது ஒருமை. பிரிக்பீல்ட்ஸ் என்பதன் ஈற்று ‘ஸ்’ ஆங்கிலப் பன்மை விகுதி. அங்கிருந்த செங்கற்களங்களை அது நினைவூட்டினும், நம் வழக்கில் அஃது ஓர் ஊரின் பெயர் மட்டுமே.

கோலாலம்பூர் என்பதன் ஈற்றில் ‘ஊர்’ என்னும் தமிழ்ச்சொல் நிற்பதாகத் தோன்றும். அது தோற்றமே. மலாய் மொழியில் ‘குவாலா’ என்பது ஆற்றுமுகத்தையும், ‘லும்பூர்’ என்பது சேற்றையும் குறிக்கும். நகரின் தொன்மைப்பகுதி கோம்பாக், கிள்ளான் ஆறுகள் கூடுமிடத்தில் அமைந்தது. மலாயில் அடைமொழி பின்னிற்கும். தமிழில் ‘சேற்றுமுகம்’ என முன்னிற்கும். சிங்கப்பூரின் ஈறோ ‘புரம்’ என்னும் வடசொல்லின் திரிபு. ஒலி ஒத்தலால் இரண்டையும் ஓரினமாகக் கொள்ளுதல் பொருந்தாது.

கிள்ளான் என்னும் வடிவம் மேலும் நுணுகி நோக்கத்தக்கது. இதன் மலாய் ஒலிப்பு ‘க்லாங்’ என்பது. தமிழ்ச்சொல் மெய்ம்மயக்கத்தோடு தொடங்காது. ‘ங்’ என்னும் மெய் சொல்லிறுதியில் வாராது. ஆகவே முதலில் இகரம் இடையே புகுந்தது. இறுதி ‘ங்’ னகரமாயிற்று. பினாங்கு என்பதில் அதே ‘ங்’ குற்றியலுகரம் பெற்றது. வழி வேறாயினும் இரண்டும் தமிழ் மரபுக்கு இயைந்தவையே. வடசொல்லைத் தமிழ் எழுத்துக்கு இயைய ஆளுமாறு தொல்காப்பியம் வகுத்த நெறியும் இத்தகையதே. கிள்ளி என்னும் சோழர் பெயரோடு இதனை இணைத்துக் காண முயல்வதற்கு ஒலியொப்புமையன்றி வேறு சான்றில்லை.

இம்மாற்றம் பிழையன்று, தமிழர் அவ்வூரைத் தம் நாவிற்கு உரியதாக்கிக்கொண்டதன் தடயம். 1901இல் திறக்கப்பட்ட சுவெட்டன்ஹாம் துறைமுகம் 1972இல் கிள்ளான் துறைமுகம் எனப் பெயர் மாறியது. ஆட்சியாளர் இட்ட பெயர் அகன்றது. ஆற்றின் பெயர் நிலைத்தது. இந்நிலையில் ‘கிளாங்’ என எழுதுவதே திருத்தமெனக் கொள்ளின், முன்னோர் நாவில் உருவான வடிவத்தை நாமே கைவிட்டவராவோம். மூலப்பொருளை ஆராய்ந்தறிதல் வேண்டும். அதன்பொருட்டு வழக்கிலுள்ள வடிவத்தைத் துறத்தல் வேண்டா என்பதே நம் துணிபு.