கூஃபாவிலிருந்து நடந்த ஹாஜிகள்

எல்லாப் புகழும் அல்லாஹ் ஒருவனுக்கே!

இராக் நாட்டு ஜியாரத்தின்போது நாம் கூஃபா நகரை அடைந்தோம். உமர் (ரலி) அவர்களின் ஆட்சியில், ஹிஜ்ரி 17இல் (கி.பி. 638) ஸஅத் பின் அபீ வக்காஸ் (ரலி) அவர்கள் நிறுவிய நகரம் இது. அலி (ரலி) அவர்கள் தலைநகராகக் கொண்டதும், ஹிஜ்ரி 40இல் வாளால் வெட்டப்பட்டதும் இங்கேதான்.

மக்கா வரை ஏறத்தாழ 1,400 கிலோமீட்டர் நீளும் பழைய ஹஜ் பாதை இந்நகரிலிருந்தே தொடங்கிற்று. வாகன வசதியற்ற ஏழைகள் அப்பாலைவனத்தை நடந்தே கடந்தனர். வழியில் தண்ணீர் கிடைத்தால்தான் உயிர். கலீஃபா ஹாரூன் ரஷீதின் துணைவியார் சுபைதா அம்மையார் (வஃபாத்: ஹிஜ்ரி 216) தம் பொருளைச் செலவிட்டு, அவ்வழியில் கிணறுகளும் குளங்களும் தங்குமிடங்களும் அமைத்தார்கள். ஆகவே அது 'தர்பு சுபைதா' எனப் பெயர் பெற்றது.

அப்பாதையின் தொடக்கத்தில் நின்றபோது, பாதி குடித்த தண்ணீர் பாட்டிலை எறிந்துவிட எண்ணியிருந்தோம். நாணம் மேலிட, அதை வைத்துக்கொண்டோம். பக்தாதின் அப்பாசிய மாளிகைகள் பலவும் அழிந்துவிட்டன. அப்பாதையின் குளங்கள் சிலவோ இன்றும் பாலையில் நிற்கின்றன. நாம் விட்டுச் செல்லப்போவது எது?

நிலையான தர்மமாகிய ஸதகத்துல் ஜாரியாவை வல்ல அல்லாஹ் நமக்கும் நஸீபாக்குவானாக! ஆமீன்.