ஓர் அறிவியல் ஆசிரியர், நான்கு பாடங்கள்

தூத்துக்குடி அருகே உள்ள சாயர்புரத்துக்கு மிஷனரி ஜி.யு. போப் வந்தது 1842-இல். அவர் நடத்திய செமினரியில் தென்பாண்டிப் பையன்கள் கிரேக்கமும் லத்தீனும் படித்தார்கள். அவர் பெயரில் 1962 முதல் அங்கே ஒரு கல்லூரி நடக்கிறது. கல்லூரியில் துறைக்குத் துறை தனிப் பேராசிரியர்கள். ஆனால் உயர்நிலைப் பள்ளிகளில் நிலைமை வேறு. இது சாயர்புரத்துக்கு மட்டும் உரியதல்ல, தமிழ்நாடு முழுக்க இப்படித்தான்.

ஒன்பது, பத்தாம் வகுப்பு அறிவியலைப் பெரும்பாலும் ஒரே பட்டதாரி ஆசிரியர்தான் நடத்துகிறார். அவர் இயற்பியல், வேதியியல், தாவரவியல், விலங்கியல் என எதைப் படித்தவராகவும் இருக்கலாம். பத்தாம் வகுப்புப் புத்தகமோ இயக்க விதிகளில் தொடங்கி, ஒளியியல், கரைசல்கள் என்று போய், அட்டை, முயலின் உடலமைப்பையும் தொடுகிறது. விலங்கியல் பட்டதாரிகள் பலர் இயற்பியலைக் கடைசியாகத் தொட்டது பிளஸ் டூவில். முயல் பாடத்தை அவர்கள் ரசித்து நடத்துவார்கள். லென்சு கணக்கைப் பிள்ளைகள் அநேகமாக 'நோட்ஸ்' எழுதித்தான் கடப்பார்கள்.

இதனால் மதிப்பெண் குறையுமா? ஆய்வாளர் பியெத்ரோ சான்கசானி, டிம்ஸ் (TIMSS) என்ற பன்னாட்டுக் கணித, அறிவியல் தேர்வின் 2015-ஆம் ஆண்டுத் தரவை எடுத்துக்கொண்டு, ஒரே மாணவர் அறிவியலின் வெவ்வேறு பிரிவுகளில் பெற்ற மதிப்பெண்களை ஒப்பிட்டார். அந்தந்தப் பிரிவில் தகுதி பெற்ற ஆசிரியர் கற்பித்த இடத்தில் மதிப்பெண் திட்ட விலக்கத்தில் சுமார் 3.5 சதவீதம் கூடியிருந்தது. சிறிய லாபம்தான். ஆனால் வசதி குறைந்த வீட்டுப் பிள்ளைகளிடம் அது கூடுதலாகத் தெரிந்தது. டியூஷனுக்கு வழியில்லாதவர்களுக்குப் பள்ளி ஆசிரியரை விட்டால் வேறு யார்? பெரு நாட்டு ஆறாம் வகுப்புகளை ஆராய்ந்த மெட்ஸ்லரும் வோஸ்மனும், ஆசிரியரின் பாட அறிவு கணக்கில் பலன் தருவதையும் வாசிப்பில் அப்படித் தெளிவாகத் தெரியாததையும் 2012-இல் காட்டினார்கள்.

அதற்காக ஒன்றாம் வகுப்பிலிருந்தே பாடத்துக்கு ஓர் ஆள் போட்டுவிட முடியாது. அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் 50 தொடக்கப் பள்ளிகளில் 2013-14-இல் தொடங்கி பொருளியலாளர் ரோலண்ட் ஃபிரையர் அதைச் சோதித்தார். ஆசிரியர்களைப் பாடவாரியாகப் பிரித்த பள்ளிகளில் அடைவு கூடவில்லை, இறங்கியது. ஒவ்வொரு பிள்ளையையும் தனித்தனியே கவனிப்பது குறைந்துவிட்டதாக அந்த ஆசிரியர்களே சொன்னார்கள். நம் தொடக்கப் பள்ளிகளில் ஒரே வகுப்பாசிரியர் எல்லாப் பாடமும் நடத்துவதைக் குறையாகப் பார்க்க வேண்டியதில்லை.

கோளாறு இருப்பது நடுவில். கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 8 வரை அறிவியலுக்கும் கணக்குக்கும் சேர்த்தே ஓர் ஆசிரியரைக் கேட்கிறது. பதினொன்றாம் வகுப்பில் திடீரென நான்கு முதுகலை ஆசிரியர்கள் வந்து நிற்கிறார்கள். இயற்பியல் பிடிக்குமா பிடிக்காதா என்பதைப் பிள்ளை அதற்குள் முடிவு செய்திருக்கும். இரண்டு அறிவியல் பணியிடங்கள் உள்ள பள்ளியில், ஒருவர் 9-ஆம் வகுப்பு, மற்றவர் 10-ஆம் வகுப்பு என்று பிரிப்பதும் உண்டு. ஒருவர் இயற்பியலும் வேதியியலும், மற்றவர் உயிரியலும் என இரு வகுப்பிலும் மாற்றி எடுக்கப் புதுப் பணியிடம் தேவையில்லை; தலைமையாசிரியர் கால அட்டவணையைத் திருத்தினால் போதும். ஒரே அறிவியல் ஆசிரியர் உள்ள சிறு பள்ளிக்கு இது உதவாது. அங்கே பக்கத்து மேல்நிலைப் பள்ளியின் இயற்பியல் ஆசிரியரை வாரத்தில் சில பாடவேளைக்கு அனுப்ப முடியுமா என்பதைப் பணியாளர் நிர்ணயம் செய்பவர்கள்தான் பார்க்க வேண்டும்.