சின்ன டிராக்டர் வந்த கதையும், பழைய வண்டி வாங்குவோர் பார்க்க வேண்டியதும்



சென்ற மாதம் ஒரு திங்கட்கிழமை காலை, அலுவலகம் திறக்கும் முன்பே ஒரு தம்பி வாசலில் காத்திருந்தார். லால்குடிப் பக்கத்துக்காரர். ஒன்றரை ஏக்கர் வாழை, ஒரு ஏக்கர் கரும்பு, மிச்சம் நெல். உழவு மாடு வீட்டை விட்டுப் போய்ப் பல வருஷம் ஆயிற்றாம். வாடகை டிராக்டருக்குக் காத்திருந்தே பருவம் தப்பிப் போகிறது என்று குறைப்பட்டுக்கொண்டார். பக்கத்து ஊரில் பதினெட்டு குதிரைச் சக்தி கொண்ட சின்ன டிராக்டர் ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. முன்பணமும் கொடுத்தாகிவிட்டது. மீதிப் பணத்துக்கு வீட்டு அம்மாவின் நகை அடகுக்குப் போகக் காத்திருக்கிறது.

"சார், இஞ்சின் ஒரே தட்டுல ஸ்டார்ட் ஆகுது. பெயிண்ட் புதுசு. டயர் முக்கால்வாசி இருக்கு. வாங்கலாமா?" என்றார்.

நான் இரண்டே கேள்விதான் கேட்டேன். "கலப்பையை மாட்டித் தூக்கிப் பார்த்தீங்களா தம்பி? ஆர்.சி. புக்கைக் கையில வாங்கிப் படிச்சீங்களா?" இரண்டுக்கும் அவரிடம் பதில் இல்லை.

இந்த இரண்டு கேள்வியும் நானாகக் கண்டுபிடித்தவை அல்ல. சின்ன டிராக்டர் உலகத்துக்கு வந்த கதையிலேயே இரண்டும் இருக்கின்றன. அந்தக் கதையைத்தான் இந்த வாரம் உங்களுக்குச் சொல்லப் போகிறேன். முதல் முறையாகப் பழைய வண்டி வாங்க நினைப்பவர்கள் கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.

ஆரம்பகால டிராக்டர்கள் யானை மாதிரி. கனம் அதிகம், விலையும் அதிகம். அமெரிக்காவில் ஹென்றி போர்டு 1917-ல் 'போர்ட்சன்' என்ற மலிவான டிராக்டரைச் செய்ய ஆரம்பித்த பிறகுதான் நடுத்தர விவசாயிகள் கையில் அது வந்தது. ஆனால் ஒரு விஷயத்தை யாரும் சரியாக யோசிக்கவில்லை. மாட்டை அவிழ்த்துவிட்டு அந்த இடத்தில் இயந்திரத்தைக் கட்டினார்களே தவிர, கலப்பை பழையபடி பின்னால் இழுபட்டுக்கொண்டு வந்தது.

ஏர் ஓட்டியவர்களுக்குத் தெரியும். கொழு வேரிலோ பாறையிலோ மாட்டிக்கொண்டால் மாடு தானாக நின்றுவிடும். அதற்கு உயிர் இருக்கிறது, புத்தி இருக்கிறது. இயந்திரம் நிற்குமா? பின்சக்கரம் சுழல முடியாமல் நிற்க, இஞ்சினின் வேகம் வண்டியின் உடம்பையே அச்சைச் சுற்றித் தூக்கும். முன்சக்கரம் வானத்தைப் பார்க்கும். அடுத்த கணம் வண்டி மல்லாந்து, ஓட்டுகிறவர் மேலேயே விழும். போர்ட்சன் காலத்தில் இப்படி உயிர் விட்டவர்கள் பலர்.

வட அயர்லாந்தில் 1884-ல் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர் ஹாரி பெர்குசன். பண்ணை வேலை பிடிக்காமல் மோட்டார் பட்டறைக்குப் போனவர். 1909-ல் தானே விமானம் கட்டி அயர்லாந்தில் முதன்முதலாகப் பறந்தவரும் அவர்தான். முதல் உலகப்போரில் உணவு உற்பத்தியைப் பெருக்குவதற்காக, டிராக்டர்கள் எப்படி வேலை செய்கின்றன என்று பார்த்துவர 1917-ல் அரசாங்கம் அவரைக் கேட்டுக்கொண்டது. ஊர் ஊராகச் சுற்றிப் பார்த்தவர், இஞ்சினில் அல்ல, கலப்பையை மாட்டும் விதத்தில்தான் கோளாறு என்று கண்டுகொண்டார்.

அதைச் சரிசெய்ய அவருக்குப் பல வருஷம் பிடித்தது. கீழே இரண்டு கை, மேலே ஒரு கை, ஆக மூன்று இடத்தில் கலப்பையை வண்டியோடு பிணைத்தார். எண்ணெய் அழுத்தத்தால் அந்தக் கைகளைத் தூக்கவும் இறக்கவும் செய்தார். இப்போது கொழு கல்லில் இடித்தால், மேல் கை வண்டியை முன்பக்கமாக நெட்டித் தள்ளும். முன்சக்கரம் தரையை விட்டு எழும்பாது. மண் இறுகியிருந்தால் அந்த மேல் கை வழியாகவே சேதி போய், கலப்பை தானாகக் கொஞ்சம் மேலே ஏறிக்கொள்ளும். நம் தாத்தா மேழியை அழுத்தியும் தளர்த்தியும் செய்த வேலையை எண்ணெய் செய்தது.

இதில் இன்னொரு லாபமும் கிடைத்தது. கலப்பையின் கனமும் மண்ணின் இழுப்பும் பின்சக்கரத்தின் மேல் பாரமாக இறங்கின. பிடிமானத்துக்காக வண்டியையே கனமாகச் செய்ய வேண்டியதில்லை. சின்ன, லேசான டிராக்டர் பெரிய டிராக்டரின் வேலையைச் செய்ய முடிந்தது இதனால்தான். 1936-ல் இங்கிலாந்தில் இந்த ஏற்பாட்டோடு அவருடைய வண்டி விற்பனைக்கு வந்தது. இன்று உங்கள் ஊரில் ஓடும் எந்தக் கம்பெனி டிராக்டரின் பின்னாலும் போய்ப் பாருங்கள். அந்த மூன்று கைகள் இருக்கும்.

அதனால்தான் சொல்கிறேன், சின்ன டிராக்டரின் உயிர் பின்னால் இருக்கிறது. வாங்கப் போகிறவர்கள் முன்னால் நின்று இஞ்சின் சத்தத்தைக் கேட்டுவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். லிப்ட் போன டிராக்டர் வெறும் வண்டி இழுக்கத்தான் ஆகும்.

பார்க்கும் விதம் சுலபம். அஞ்சு கலப்பையோ ரோட்டவேட்டரோ, அந்த வண்டிக்கு ஏற்ற கனமான கருவியை மாட்டச் சொல்லுங்கள். அரை மணி நேரம் வயலில் ஓட்டி எண்ணெய் நன்றாகச் சூடான பிறகு தூக்கிப் பாருங்கள். குளிர்ந்த எண்ணெய் கெட்டியாக இருக்கும், கசிவை மறைத்துவிடும். ஒரே சீராக ஏற வேண்டும். மேலே நிறுத்தியபின் இஞ்சின் ஓடும்போதே கருவி விக்கல் எடுப்பது போலக் கொஞ்சம் இறங்குவதும் ஏறுவதுமாக இருந்தால் உள்ளே எண்ணெய் கசிகிறது என்று அர்த்தம். பிறகு இஞ்சினை நிறுத்திவிட்டு ஒரு டீ குடித்துவிட்டு வாருங்கள். மெதுவாகக் கொஞ்சம் இறங்கினால் பரவாயில்லை. டீ வருவதற்குள் தரையைத் தொட்டுவிட்டால் செலவு காத்திருக்கிறது. கலப்பை தூக்கியிருக்கும்போது அதன் அடியில் காலையோ கையையோ யாரும் வைக்க வேண்டாம். பிள்ளைகளைப் பக்கத்தில் விடாதீர்கள்.

பெரும்பாலான வண்டிகளில் கியருக்கும் லிப்டுக்கும் ஒரே எண்ணெய்தான். அளவுக் கம்பியை உருவிப் பாருங்கள். எண்ணெய் பால் விட்ட டீ நிறத்தில் இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. நம் காவிரிப் பாசனப் பகுதியில் இது அதிகம். கேஜ் வீல் மாட்டி வருஷத்துக்கு இரண்டு போகம் சேறடித்த வண்டியில் அச்சு சீல் தேய்ந்து சேற்றுத் தண்ணீர் உள்ளே போகும். பம்பு அதைத்தான் குடிக்கிறது.

இனி இரண்டாவது கேள்வி, ஆர்.சி. புக். இதற்கும் பெர்குசன் கதையிலேயே பாடம் இருக்கிறது. 1938-ம் வருஷம் அவர் தம் டிராக்டரைக் கப்பலில் ஏற்றிக்கொண்டு அமெரிக்கா போய், ஹென்றி போர்டின் தோட்டத்திலேயே உழுது காட்டினார். போர்டுக்கு மிகவும் பிடித்துப்போயிற்று. பெர்குசனின் அமைப்பில் போர்டு வண்டி செய்வது, பெர்குசன் விற்பது என்று பேசி, இருவரும் கை குலுக்கிக்கொண்டார்கள். காகிதம் கிடையாது, கையெழுத்து கிடையாது. 1939-ல் வண்டி வந்தது. ஏறத்தாழ மூன்று லட்சம் வண்டிகள் விற்றன. பிறகு நிர்வாகம் போர்டின் பேரன் கைக்கு மாறியது. 1947-ல் அவர் அந்த ஏற்பாட்டை முடித்துவிட்டு, அதே மூன்று கைகளோடு வண்டி செய்து தாமே விற்கத் தொடங்கினார். பெர்குசன் 1948-ல் வழக்குப் போட்டார். நாலு வருஷம் இழுத்தடித்து, 1952-ல் 92.5 லட்சம் டாலருக்குச் சமாதானமாகப் போனார்கள். அவர் கேட்டது 25 கோடி டாலருக்கும் மேல்.

கோடீஸ்வரர்களின் கை குலுக்கலே ஒன்பது வருஷத்தில் கோர்ட்டுக்குப் போயிற்று. நம்மிடம் வக்கீலுக்குக் கொடுக்கவும் காசு இல்லை.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் பார்த்தது இது. ஒரு மானாவாரி விவசாயி, இரண்டு ஜோடி மாட்டையும் விற்று, நகையையும் வைத்துப் பழைய டிராக்டர் வாங்கினார். இருபது ரூபாய்ப் பத்திரத்தில் விற்றவர் எழுதிக் கொடுத்ததுதான் ஆதாரம். மூன்றாம் மாதம், உழுதுகொண்டிருந்த காட்டுக்கே கடன் கொடுத்தவர்களின் ஆட்கள் வந்து வண்டியை ஓட்டிக்கொண்டு போய்விட்டார்கள். விற்றவர் கடனை அடைக்கவே இல்லை. நான் போனபோது அவர் வரப்பில் உட்கார்ந்திருந்தார். பாதி உழுத காடு, டயர் தடம் மட்டும் கிடந்தது. அவருக்குச் சொல்ல என்னிடம் எந்தத் திட்டமும் இல்லை, மானியமும் இல்லை.

டிராக்டரில் எச்.பி. இரண்டு உண்டு என்று நான் கூட்டங்களில் சொல்வது வழக்கம். ஒன்று குதிரைச் சக்தி. இன்னொன்று ஆர்.சி. புக்கில் எழுதியிருக்கும் கடன் பதிவு. அதையும் நம் ஜனங்கள் எச்.பி. என்றுதான் சொல்கிறார்கள். இரண்டாவது எச்.பி. இருந்தால், கடன் கொடுத்த வங்கி முத்திரையிட்ட படிவம் 35-ம், பாக்கி இல்லை என்ற கடிதமும் வேண்டும். 'கட்டியாச்சுங்க, கடிதம் அப்புறம் வரும்' என்றால், பணமும் அப்புறம் வரும் என்று சொல்லுங்கள். பெயர் மாற்ற படிவம் 29, 30. ஒரே மாநிலத்துக்குள் என்றால் விற்றவர் 14 நாளுக்குள்ளும், வாங்கியவர் 30 நாளுக்குள்ளும் போக்குவரத்து அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது சட்டம். இஞ்சின் நம்பர், சேஸிஸ் நம்பரைத் துடைத்துப் பார்த்து புத்தகத்தோடு ஒப்பிடுங்கள். டிரெய்லரும் சேர்த்து வாங்கினால் அதற்குத் தனிப் புத்தகம் உண்டு. பதிவு 15 வருஷத்துக்குத்தான்; அது முடிந்த வண்டி என்றால் புதுப்பித்திருக்கிறார்களா என்று கேளுங்கள்.

நம் நாட்டுக் கதைக்கு வருவோம். சுதந்திரம் வந்த 1947-ல் மத்திய அரசு ஒரு டிராக்டர் அமைப்பைத் தொடங்கியது. மத்திய இந்தியாவில் கான்ஸ் என்ற நாணல் வகைப் புல் மண்டிக் கிடந்த நிலத்தைத் திருத்துவதற்காக. முதலில் எடுத்த வண்டிகள், போர் முடிந்து அமெரிக்கப் படை விட்டுப்போன பழைய டிராக்டர்கள். ஆக, முதல் முறையாகப் பழைய வண்டி வாங்கியவர்களில் சர்க்காரும் ஒருவர்! 1949-ல் புது இயந்திரங்களுக்காக உலக வங்கியிடம் ஒரு கோடி டாலர் கடன் வாங்க வேண்டியிருந்தது.

பிறகு உள்நாட்டிலேயே செய்ய ஆரம்பித்தார்கள். பெர்குசனின் கம்பெனி 1953-ல் மாசி-ஹாரிஸோடு சேர்ந்தது. அவர் 1960-ல் இறந்தார். அதே வருஷம்தான் அந்தக் கம்பெனியின் கூட்டுறவோடு சென்னையில் 'டாபே' தொடங்கியது. செம்பியத்தில் தயாரான மாசி பெர்குசன் 1035 வண்டியை ஓட்டாத பெரியவர்கள் குறைவு. வெளிநாட்டு வரைபடம் இல்லாமல், துர்காபூர் ஆராய்ச்சிக் கூடத்தில் வடிவமைத்து 1974-ல் பஞ்சாபில் வந்தது ஸ்வராஜ். செக் நாட்டு ஜீட்டர் வழியில் வந்தது எச்.எம்.டி.; அந்த டிராக்டர் பிரிவை மூட மத்திய அரசு 2016-ல் முடிவு செய்தது. பெங்களூரில் 1967-ல் தொடங்கிய வி.எஸ்.டி. கம்பெனி, ஜப்பானிய மிட்சுபிஷியோடு சேர்ந்து முதலில் பவர் டில்லரும், பிறகு 18.5 குதிரைச் சக்தி சின்ன டிராக்டரும் கொண்டு வந்தது. நாலடி அகலத்துக்குள் அடங்கும் வண்டி. வாழைக்கும் கரும்புக்கும் இடையில் போகும்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், பழைய வண்டிக்கு உதிரிபாகம் வேண்டும். நல்ல இரும்பாக இருக்கலாம். ஆனால் ஒரு சீலுக்காக உழவுப் பருவத்தில் பத்து நாள் அலைந்தால் என்ன பிரயோஜனம்? விலை பேசும் முன், உங்கள் ஊருக்குப் பக்கத்து டவுனில் உதிரிபாகக் கடைக்குப் போய் அந்த மாடலின் கிளட்ச் தட்டும், லிப்ட் சீல் செட்டும் இருக்கிறதா என்று விசாரியுங்கள். கடைக்காரர் முகத்தைப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

இஞ்சினைப் பற்றி உங்கள் மெக்கானிக்கே நன்றாகச் சொல்வார். நான் சுருக்கமாக முடிக்கிறேன். காலையில் நீங்கள் போகும்போது இஞ்சின் குளிர்ந்திருக்க வேண்டும். தொட்டுப் பாருங்கள், சூடாக இருந்தால் முன்பே ஓட்டி வைத்திருக்கிறார்கள். சூடான பிறகும் நீலப் புகை நிற்காவிட்டால் எண்ணெய் எரிகிறது. ரேடியேட்டர் தண்ணீரில் எண்ணெய்ப் படலம் இருந்தால் திரும்பி வந்துவிடுங்கள். மணி மீட்டரை நம்ப வேண்டாம். கிளட்ச் பெடல் தேய்ந்திருப்பதைப் பாருங்கள், அதற்குப் பொய் தெரியாது. டிரெய்லரில் செங்கல்லும் மண்ணும் ஏற்றியே காலம் தள்ளிய வண்டியில் லிப்ட் புதிது போல இருக்கும். பிரேக்கும் கிளட்சும் போயிருக்கும். சேற்று வண்டியில் நேர் மாறு.

அந்தத் தம்பி அடுத்த நாளே ஒரு மெக்கானிக்கையும் அஞ்சு கலப்பையையும் கூட்டிக்கொண்டு போனார். தூக்கிய கலப்பை விக்கல் எடுத்தது. ஆர்.சி. புக்கில் வேறு மாவட்டத்து வங்கிக் கடன் பதிவாகி இருந்தது. கடிதம் கேட்டதற்கு, 'என்னை நம்பலையா?' என்று உடையவர் கோபித்துக்கொண்டார். முன்பணத்தில் பாதிதான் திரும்பி வந்தது. வீட்டு அம்மாவின் நகை வீட்டிலேயே இருக்கிறது.

நேற்று போன் செய்தார். துறையூர்ப் பக்கம் இன்னொரு வண்டியாம். "சார், புக் சுத்தமா இருக்கு. கேஜ் வீல் மாட்டாத வண்டிதான். ஆனா செங்கல் சூளைலயே ஓடியிருக்கு போல" என்றார். பிரேக்கைப் பார்க்க ஞாயிற்றுக்கிழமை காலை நானும் கூடப் போகிறேன்.