போர்க்காலத்தில் ஒரு பிஷப்

போர் என்று வந்துவிட்டால் கடவுளையும் கட்சி பிரித்துக்கொள்வது மனிதருடைய வழக்கம். முதல் உலக யுத்தத்தில் ஜெர்மன் சிப்பாயின் இடுப்புப் பட்டையில் ‘கடவுள் நம்மோடு’ என்று பொறித்திருந்தது. எதிர்ப் பக்கத்தில், லண்டன் பிஷப்பாக இருந்த விண்ணிங்டன்-இங்ரம், 1915-ல் செய்த பிரசங்கத்தில் அந்த யுத்தத்தைப் புனித யுத்தம் என்றே வர்ணித்தார். இரண்டு பக்கத்தாரும் வணங்கியது ஒரே கிறிஸ்துவைத்தான். வாசித்ததும் ஒரே பைபிளைத்தான். பகைவனை நேசி என்று சொன்னவரின் பெயரால் இருபுறமும் ஆள் சேர்த்தார்கள்.

இப்படிப்பட்ட சமயத்தில் ஒரு திருச்சபையின் கடமை என்ன? தன் நாடு செய்கிற போருக்கு ஆசீர்வாதம் சொல்லிவிட்டு ஒதுங்கி நிற்பதா? போரே பாவம் என்று சொல்லிக் கதவைச் சாத்திக்கொள்வதா? இந்த இரண்டுமல்லாத மூன்றாவது வழி ஒன்று உண்டு. அந்த வழியில் நடந்துபார்த்த ஒருவரைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. அவர் பெயர் ஜார்ஜ் பெல். 1929-லிருந்து 1958 வரை இங்கிலாந்தில் சிசெஸ்டர் நகரத்து பிஷப்பாக இருந்தவர். 1931-ல் வட்டமேஜை மாநாட்டுக்காக லண்டன் போன காந்தியடிகள், ஒரு வார இறுதியில் சிசெஸ்டருக்குப் போய் இவருடைய விருந்தினராகத் தங்கினார் என்றால் நம்மவர்களுக்கு ஆளை அடையாளம் காட்டினாற்போல் இருக்கும்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். பெல் போரே கூடாது என்றவர் அல்ல. ஹிட்லரை எதிர்த்துப் போராடியே ஆகவேண்டும் என்பதில் அவருக்குச் சந்தேகம் இருந்ததில்லை. 1933-ல் ஹிட்லர் பதவிக்கு வந்த நாள் முதலே நாஜி ஆட்சியின் கொடுமைகளை இங்கிலாந்துக்கு எடுத்துச் சொன்னவர்களில் அவர் ஒருவர். யூத வம்சத்தில் பிறந்த ஜெர்மன் பாதிரிமார்களையும் அவர்கள் குடும்பங்களையும் தப்புவித்து இங்கிலாந்தில் குடியேற்றப் பாடுபட்டவர். ஹிட்லருக்கு எதிராகச் சதி செய்தவர்களின் தூதாக வந்த டீட்ரிக் போன்ஹோஃபர் என்ற இளம் பாதிரியை 1942-ல் ஸ்வீடனில் சந்தித்து, அவர் தந்த செய்தியைப் பிரிட்டிஷ் வெளிநாட்டு மந்திரி ஈடனிடம் கொண்டுபோய்ச் சேர்த்தவரும் அவரே. ஈடன் அதற்குப் பதில் அனுப்ப விரும்பவில்லை. போன்ஹோஃபர் 1945 ஏப்ரலில் தூக்கிலிடப்பட்டார்.

இந்தப் பின்னணியை நான் விரித்துச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. எதிரியின் அநியாயத்தைக் கண்டும் காணாமல் இருந்துவிட்டு, சொந்த நாட்டை மட்டும் கண்டிக்கிறவன் பேச்சை யாரும் சந்தேகிக்கலாம். பெல்லின் பேச்சை அப்படித் தள்ளிவிட முடியாது.

அவர் எதற்காகப் பேசினார்? யுத்தத்தின் ஆரம்பத்தில் பிரிட்டிஷ் விமானங்கள் தொழிற்சாலை, ரயில் நிலையம், எண்ணெய்க் கிடங்கு என்று குறிவைத்தே இரவில் போயின. ஆனால் 1941 ஆகஸ்டில் சர்க்காருக்கு ஓர் அறிக்கை வந்தது. குறியைத் தாக்கிவிட்டதாகச் சொல்லிக்கொண்டு திரும்பிய விமானங்களில் மூன்றில் ஒன்றுதான் குறிக்கு ஐந்து மைல் தூரத்துக்குள் போயிருக்கிறது என்று புகைப்படங்களை வைத்துக் கணக்கிட்டிருந்தார்கள். இருட்டில் தொழிற்சாலையைக் கண்டுபிடிக்க முடியவில்லை. நகரத்தைக் கண்டுபிடிக்க முடியும். 1942 பிப்ரவரி 14-ல் புதிய உத்தரவு பிறந்தது. எதிரி நாட்டுக் குடிமக்களின், முக்கியமாகத் தொழிலாளர்களின், மனோதிடத்தைக் குலைப்பதே இனி முதல் நோக்கம் என்றது அது. நகரங்களே குறியாகிவிட்டன. 1943 ஜூலைக் கடைசியில் ஹாம்பர்க் நகரத்தில் மூண்ட தீ, புயலாகவே சுழன்றது. சில இரவுகளில் 35,000-க்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள்.

இங்கேதான் ஒரு விசித்திரம். ‘ராணுவ இலக்குகளைத்தான் தாக்குகிறோம்’ என்று விமான மந்திரி சின்க்ளேர் பொதுமக்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். குண்டுவீச்சுப் படையின் தலைவர் ஹாரிஸுக்கு அது பிடிக்கவில்லை. நகரங்களை அழிப்பதுதான் நோக்கம் என்பதை ஒளிவுமறைவின்றி அறிவியுங்கள் என்று 1943 அக்டோபரில் அவர் மேலிடத்துக்கு எழுதினார். உண்மையைச் சொல்லுங்கள் என்று பிஷப்பும் கேட்டார், சேனாதிபதியும் கேட்டார். நேர் எதிரான காரணங்களுக்காகக் கேட்டார்கள். சர்க்கார் இருவருக்கும் இணங்கவில்லை. கதை எழுதுகிற நான் இப்படி ஒரு கட்டத்தைக் கற்பனை செய்து எழுதியிருந்தால், இது நம்பும்படி இல்லை என்று நீங்களே சொல்லியிருப்பீர்கள்.

1944 பிப்ரவரி 9-ஆம் தேதி பெல் பிரபுக்கள் சபையில் எழுந்து நின்றார். இங்கிலாந்துத் திருச்சபைக்கு அரசரே தலைவர். அதன் பிஷப்புகளில் 26 பேருக்குப் பிரபுக்கள் சபையில் ஆசனம் உண்டு. அதாவது, திருச்சபை அரசாங்கத்தின் மடியிலேயே உட்கார்ந்திருந்தது. அந்த மடியிலிருந்துகொண்டே அவர் கேள்வி கேட்டார். விமானிகளின் தைரியத்தை அவர் குறை சொல்லவில்லை. முதலில் நகரங்களைக் கொளுத்தியவர்கள் நாஜிகள்தான் என்பதை மறுக்கவில்லை. தொழிற்சாலைகளைத் தாக்குவது போர் முறையே என்றும் ஒப்புக்கொண்டார். ஒரு நகரத்தில் தொழிற்சாலைகள் இருக்கின்றன என்பதற்காக அந்த நகரம் முழுவதையும் அழிப்பது எந்த நியாயத்தில் சேரும் என்பதுதான் அவர் கேள்வி. நாம் எதற்காகப் போராடுகிறோமோ அதையே நம் ஆயுதம் அழித்துவிட்டால் ஜெயித்து என்ன பயன் என்பது அதன் உட்பொருள்.

சபையில் அவருக்குக் கிடைத்த ஆதரவு சொற்பம். வயோதிகரான முன்னாள் ஆர்ச்பிஷப் லாங் ஓரளவு பரிந்து பேசினார். கொள்கை மாறாது என்று சர்க்கார் பதில் சொல்லிவிட்டது. வெளியே ஏச்சும் பேச்சும் கிளம்பின. சிசெஸ்டர் மக்களும் குண்டுக்குப் பயந்து இரவுகளைக் கழித்தவர்கள்தான். எத்தனையோ வீடுகளில் பிள்ளைகள் விமானப் படையில் இருந்தார்கள். அவர்களுடைய கோபத்தை நாம் இளக்காரமாக எண்ணக்கூடாது. அதற்கு முந்தின செப்டம்பரிலேயே, விமானப் படைக்காக நடந்த நன்றி ஆராதனையில் பிரசங்கம் செய்யாமல் இருப்பது நல்லது என்று அவருடைய சொந்த ஆலயத்திலேயே அவரிடம் சொல்லியிருந்தார்கள்.

அவருக்கு எதிர்ப் பக்கம் நின்றவர்களில் ஒருவர் கன்டர்பரி ஆர்ச்பிஷப் வில்லியம் டெம்பிள். அவரை வில்லனாக்கிவிட்டால் கட்டுரை சுலபமாகிவிடும். உண்மை அப்படியில்லை. டெம்பிள் ஏழைகளுக்காகப் பேசியவர். ஐரோப்பாவில் அழிக்கப்படும் யூதர்களைக் காப்பாற்ற உடனே ஏதாவது செய்யுங்கள் என்று 1943 மார்ச்சில் அதே பிரபுக்கள் சபையில் மன்றாடியவர். போரே தீமைதான், ஆனால் அதைவிடப் பெரிய தீமையைத் தடுக்க அதில் இறங்கிவிட்டபின் அரைமனதோடு நடத்த முடியாது, பச்சாதாபத்தோடு நடத்தி முடிக்கவேண்டும் என்பது அவர் எண்ணம். இரண்டு நல்லவர்கள், ஒரே வேதத்தைக் கையில் வைத்துக்கொண்டு, இரண்டு முடிவுக்கு வந்தார்கள். என் மனத்தில் தராசு பெல் பக்கம்தான் சாய்கிறது. பச்சாதாபம் பிறகு வரும். எரிந்த குழந்தை பிறகு வராது.

1944 அக்டோபரில் டெம்பிள் காலமானார். அடுத்த ஆர்ச்பிஷப் பெல்தான் என்று எதிர்பார்த்தவர்கள் உண்டு. பதவி லண்டன் பிஷப் ஃபிஷருக்குப் போயிற்று. அந்தப் பேச்சு ஒன்றுதான் காரணமா என்று சரித்திர ஆசிரியர்கள் இன்னும் விவாதிக்கிறார்கள். அது அவருக்கு உதவவில்லை என்பது மட்டும் நிச்சயம்.

ஜெர்மனியின் திருச்சபைகள் என்ன செய்தன? அங்கே பேசினால் போவது பதவி மட்டுமல்ல, உயிரும் போகும். இருந்தும் எதிர்த்து நின்றவர்கள் சிலர் இருந்தார்கள். பெரும்பான்மையோர் மௌனமாகவோ ஆதரவாகவோ இருந்துவிட்டார்கள். யுத்தம் முடிந்த பிறகு, 1945 அக்டோபரில், ஸ்டுட்கார்ட் நகரில் அங்குள்ள புராட்டஸ்டண்டு தலைவர்கள் கூடி, இன்னும் தைரியமாகச் சாட்சி சொல்லாமற்போனோம் என்று தங்கள் குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள். அதைக் கேட்க வெளிநாடுகளிலிருந்து வந்திருந்த குழுவில் பெல்லும் இருந்தார். போர் முடிந்தபின் வந்த வாக்குமூலத்தை, போர் நடுவே பேசியவர் கேட்டுக்கொண்டிருந்தார்.

பெல்லின் பேச்சினால் ஒரு குண்டாவது குறைந்ததா? இல்லை. சரியாக ஓராண்டு கழித்து, 1945 பிப்ரவரியில், டிரெஸ்டன் எரிந்தது. ஏறக்குறைய 25,000 பேர் மாண்டார்கள். பிறகு அந்தப் பேச்சினால் என்ன லாபம் என்று கேட்பது நியாயமான கேள்விதான். ஒரு தேசத்தில் எல்லோருமே ஒரே குரலில் பேசினால், பிற்காலத்தவர்கள் ‘அன்று யாருக்கும் தெரியாது’ என்று சொல்லித் தப்பித்துக்கொள்வார்கள். தெரிந்தவர் ஒருவர் இருந்தார், சபையில் எழுந்து சொன்னார், பதிவேட்டில் அது இருக்கிறது. இனி அந்தச் சாக்கு செல்லாது. 1977-ல் ஜெனீவா உடன்படிக்கைகளோடு சேர்த்த நெறிமுறை ஒன்று, தனித்தனியாக உள்ள ராணுவ இலக்குகளைக் காரணம் காட்டி ஒரு நகரம் முழுவதையும் ஒரே இலக்காகக் கொண்டு குண்டு வீசுவதைத் தடை செய்தது. பிரபுக்கள் சபையில் ஏறக்குறையத் தனித்து ஒலித்த வாதம், 33 வருஷத்துக்குப் பிறகு சட்டத்தின் வாசகமாயிற்று. சட்டம் வந்தபின்னும் நகரங்கள் எரிகின்றன என்பது வேறு விஷயம். அது அந்தந்த நாட்டுக் கோவில்களும் மசூதிகளும் மாதா கோவில்களும் பதில் சொல்ல வேண்டிய விஷயம்.

அந்தக் குண்டுவீச்சுப் படையில் 55,573 விமானிகள் உயிரிழந்தார்கள். அவர்களுக்கு 2012-ல்தான் லண்டனில் நினைவுச் சின்னம் எழும்பிற்று. அந்தக் குண்டுவீச்சில் மாண்ட எல்லா நாட்டினரையும் நினைவுகூர்வதாக அதில் ஒரு வாசகத்தையும் பொறித்திருக்கிறார்கள். பெல் இருந்திருந்தால் இரண்டு வகையினருக்காகவும் அங்கே நின்று ஜெபித்திருப்பார் என்றே எனக்குத் தோன்றுகிறது.