மறைபொருள் தேடும் விளையாட்டுகள்: விளையாடுபவர்கள் சொல்வது என்ன?

கைத்தொலைபேசியில் விளையாடுபவர்கள் இளைஞர்கள்தான் என்ற எண்ணம் பரவலாக உண்டு. கப்பல்துறையில் எனக்குப் பழக்கமான வீடுகளில் நிலைமை வேறு. அங்கே அம்மாமாரும் அம்மம்மாமாரும் வேலை ஓய்ந்த நேரத்தில் ஒரு படத்துக்குள் ஒளிந்திருக்கும் குடையையும் சாவியையும் சீப்பையும் தேடிக்கொண்டிருக்கிறார்கள். இவற்றை மறைபொருள் விளையாட்டுகள் என்கிறோம். விளையாடுபவர்கள் இவற்றில் எதை விரும்புகிறார்கள், எதை வெறுக்கிறார்கள், போரைக் கடந்து வந்த எமது வீடுகளில் எதைக் கவனிக்க வேண்டும் என்பதை இங்கே தொகுத்துத் தருகிறேன்.

இந்த வகை கணினியோடு பிறந்ததல்ல. வார இதழ்களில் வந்த ‘ஆறு வித்தியாசங்கள்’ பகுதியை அறியாத தமிழ் வாசகர் குறைவு. இங்கிலாந்து ஓவியர் மார்ட்டின் ஹேண்ட்ஃபோர்ட், கூட்டத்துக்குள் ஒருவனைத் தேட வைக்கும் ‘வேர் இஸ் வாலி?’ நூலை 1987 இல் வெளியிட்டார். 2005 இல் பிக் ஃபிஷ் நிறுவனத்தின் ‘மிஸ்டரி கேஸ் ஃபைல்ஸ்: ஹண்ட்ஸ்வில்’ கணினியில் இந்த வகையைப் பிரபலமாக்கியது. 2012 இல் ‘கிரிமினல் கேஸ்’ முகநூல் வழியே பரவியது. 2017 இல் பெர்லினிலுள்ள வூகா நிறுவனம் ‘ஜூன்ஸ் ஜேர்னி’யை வெளியிட்டது.

விரும்புபவர்கள் சொல்லும் காரணங்கள் எளிமையானவை. யாரையும் சுட வேண்டியதில்லை. எதிராளி இல்லை. அடுப்பில் உலை கொதித்தால் பாதியில் வைத்துவிட்டு எழும்பலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, தேடும் பொருள் அந்தப் படத்துக்குள் கட்டாயம் இருக்கிறது. பொறுமையாகப் பார்த்தால் அகப்படும்.

குறைகளில் முதலாவது ‘சக்தி’. ஒவ்வொரு படத்தையும் திறக்க இது செலவாகும். தீர்ந்தால் காத்திருக்க வேண்டும், அல்லது காசு கொடுக்க வேண்டும். இலவசமாகத் தரப்படும் பல விளையாட்டுகள் இப்படித்தான் உழைக்கின்றன. அடுத்தது, கதை நகர வேண்டுமென்றால் ஒரே படத்தைத் திரும்பத் திரும்ப விளையாட வேண்டியிருப்பது. வயதானவர்களுக்கு இருட்டான படங்களும் மிகச் சிறிய பொருட்களும் சிரமம்.

மொழி எமக்கு இன்னொரு தடை. எங்கள் பக்கம் விளையாடப்படுபவற்றில் பொருட்பட்டியல் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் வருகிறது. ‘பேட்’ என்று கேட்டால் வௌவாலா, கிரிக்கெட் மட்டையா? ஆங்கிலம் படித்தவரே தடுமாறுவார். சில விளையாட்டுகள் பெயருக்குப் பதிலாகப் பொருளின் நிழலுருவைக் காட்டுகின்றன. 2017 இல் வந்த ‘ஹிடன் ஃபோக்ஸ்’ தேட வேண்டியவற்றைப் படமாகவே காட்டும். கறுப்பு வெள்ளையில் கையால் வரையப்பட்ட அந்த விளையாட்டில் சக்தித் தொல்லை இல்லை. ஆனால் அதைக் காசு கொடுத்து வாங்க வேண்டும்.

கதையைப் பற்றித்தான் எங்களிடையே கருத்துகள் பிரிகின்றன. ‘ஜூன்ஸ் ஜேர்னி’ ஒரு பெண் தன் சகோதரியின் மரணத்தைத் துருவும் கதை. ‘கிரிமினல் கேஸ்’ கொலை வழக்குகளாகவே போகிறது. உறவைப் பறிகொடுத்தவருக்கு முதல் காட்சியே பழையதைக் கிளறலாம். ஆனால் இவற்றையே விரும்பி விளையாடுபவர்களும் இருக்கிறார்கள். விளையாட்டில் வழக்கென்று ஒன்று தொடங்கினால் சான்றுகள் சேரும், குற்றவாளி பிடிபடுவான். திருகோணமலைக் கடற்கரையில் 2006 ஜனவரி 2 ஆம் திகதி ஐந்து மாணவர்கள் கொல்லப்பட்ட வழக்கில், 13 சந்தேகநபர்களும் 2019 இல் போதிய சான்று இல்லையென்று விடுவிக்கப்பட்டார்கள். காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் தொடங்கிய தொடர் போராட்டத்துக்கு இன்னும் பதில் இல்லை. இப்படியான மண்ணில், முடிவுள்ள ஒரு தேடல் சிறிது நேரம் மனதை ஆற்றுவதை நான் குறைவாக மதிக்கமாட்டேன்.

ஆனால் அதை வைத்தியம் என்று சொல்லக்கூடாது. எமிலி ஹோம்ஸ் என்ற உளவியலாளரும் குழுவினரும் 2009 இல் வெளியிட்ட ஆய்வில், கொடூரக் காட்சிகளைப் பார்த்த பின் ‘டெட்ரிஸ்’ விளையாடியவர்களுக்கு அந்தக் காட்சிகள் மனதில் மீள எழுவது குறைந்திருந்தது. அது ஆய்வுகூடத்தில், படம் பார்த்த சிறிது நேரத்துக்குள், வேறொரு விளையாட்டை வைத்துச் செய்யப்பட்டது. பல வருட வேதனைக்கும் மறைபொருள் விளையாட்டுக்கும் அதை அப்படியே பொருத்த முடியாது. நித்திரையின்றி விடியும்வரை விளையாடுபவர் வீட்டில் இருந்தால், தொலைபேசியைப் பறிப்பதை விட அருகில் இருந்து கதைப்பது நல்லது. தேசிய மனநல உதவி இலக்கமான 1926 இற்கும் அழைக்கலாம்.

தரவிறக்கும் முன் நான்கு விடயங்களைப் பாருங்கள். இணையம் இல்லாமல் இயங்குமா? டேட்டாவுக்குக் காசு போதாத வீட்டில் இது முக்கியம். சக்தி தீர்ந்தால் காசு கேட்குமா? பொருளைப் படமாகவோ நிழலுருவாகவோ காட்டுமா? கதை எதைப் பற்றியது? பிள்ளைகளும் பாவிக்கும் தொலைபேசியென்றால், கடவுச்சொல் இல்லாமல் எதையும் வாங்க முடியாதபடி பூட்டி வையுங்கள்.

அம்மாமார் கேட்கும் ஒன்றும் உண்டு. படத்துக்குள் தெரியாத நாட்டு மாளிகையும் மெழுகுதிரித் தண்டும்தான் எப்போதும் வருகின்றன. சுளகும் துருவலையும் மூக்குப்பேணியும் நீத்துப்பெட்டியும் நிறைந்த ஒரு குசினியை யாராவது வரையக்கூடாதா? இடம்பெயர்ந்தபோது எத்தனையோ குடும்பங்கள் விட்டுவிட்டு ஓடிய பொருட்கள் அவை. மென்பொருள் படிக்கும் எங்கள் பிள்ளைகளுக்கு இது செய்ய முடியாத வேலை அல்ல. வரைய ஒருவரும், எந்தப் பொருள் எங்கே இருந்தது என்று சொல்ல ஒரு அம்மம்மாவும் இருந்தால் தொடங்கலாம்.