இடம்பெயர்ந்த வருடங்களை சுயவிபரக்கோவையில் எப்படி எழுதுவது?

வன்னியில் இருந்து வேலைக்கு விண்ணப்பிக்கும் பலர் சுயவிபரக்கோவையில் ஒரே இடத்தில்தான் நின்றுவிடுகிறார்கள். பெயர், பாடசாலை, சாதாரண தரப் பெறுபேறு வரைக்கும் சிக்கலில்லை. பிறகு 2008, 2009, 2010. அந்த வருடங்களில் என்ன செய்தீர்கள்?

சிலர் பரீட்சை எழுதிய வருடத்தை முன்பின்னாக மாற்றிவிடுகிறார்கள். வேண்டாம். நேர்முகத் தேர்வில் மூலச் சான்றிதழைக் காட்டும்போது அது பிடிபடும். பிறகு நீங்கள் எழுதிய உண்மைகளையும் நம்பமாட்டார்கள். ஒரு வரி போதும்: "2008 - 2010: யுத்தம் காரணமாக இடம்பெயர்வு. 2011இல் உயர்தரக் கல்வியைத் தொடர்ந்தேன்." எந்த முகாம், வீட்டில் யாரை இழந்தீர்கள் என்பதெல்லாம் அங்கே தேவையில்லை. அது உங்களுடைய சொந்த விடயம், தொழில் தருபவருக்குச் சொல்லவேண்டிய கடமை இல்லை. ஆனால் முகாமில் பிள்ளைகளுக்குப் படிப்பித்திருந்தால், நிவாரணப் பதிவுகளுக்கு உதவியிருந்தால், அதை எத்தனை மாதம் என்று கணக்கிட்டு எழுதுங்கள். சம்பளம் இல்லாவிட்டாலும் அதுவும் அனுபவம்தான். நம்மவர்கள் இதை எழுதக் கூச்சப்படுவது எனக்கு இன்னும் விளங்குவதில்லை.

சான்றிதழ்கள் தொலைந்திருந்தால் வேலை விளம்பரம் வரும்வரை காத்திருக்காதீர்கள். சாதாரண தர, உயர்தரப் பெறுபேறுகளைப் பரீட்சைத் திணைக்களத்தில் மீண்டும் பெறலாம். பரீட்சை வருடமும் சுட்டெண்ணும் தெரிந்தால் சுலபம். பிறப்புச் சான்றிதழுக்குப் பிரதேச செயலகம். பதிவே கிடைக்காதவர்களுக்கு உத்தேச வயதுச் சான்றிதழ் என்று ஒன்று உண்டு, அங்கேயே விசாரிக்கலாம். ஆங்கிலத்தில் உங்கள் பெயர் அடையாள அட்டையில் ஒருவிதமாகவும் பெறுபேற்றில் வேறுவிதமாகவும் இருக்கிறதா? அடையாள அட்டையில் உள்ளபடியே எழுதி, இரண்டும் ஒருவரே என்ற சத்தியக் கடதாசி ஒன்றைத் தயாராக வைத்திருங்கள்.

அடுத்தது கொமினிகேசன் கடை. அங்கே கணினியில் ஏற்கெனவே இருக்கும் ஒருவரின் கோவையில் பெயரை மட்டும் மாற்றித் தருவார்கள். ஒரே கடையில் எடுத்த பத்துப் பேரின் இலட்சியமும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கும். அதைவிடப் பெரிய வில்லங்கம், கடைக்காரரின் மின்னஞ்சலில் இருந்தே விண்ணப்பத்தை அனுப்புவது. நேர்முகத் தேர்வுக்கான அழைப்பும் அவருக்குத்தான் போகும். கையில் உள்ள தொலைபேசியிலேயே உங்கள் பெயரில் ஒரு ஜிமெயில் முகவரி திறக்கலாம், காசு இல்லை. பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்த கோப்பை அப்படியே அனுப்பினால், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் வெறும் ஆங்கில எழுத்துக் குவியலாகத் திறக்கும். யுனிகோட்டில் தட்டச்சு செய்யுங்கள், அல்லது பிடிஎப் ஆக மாற்றி அனுப்புங்கள்.

மின்னஞ்சலின் விடயப் பகுதியை வெறுமையாக விடக்கூடாது. பதவியின் பெயரை எழுதுங்கள். உள்ளே நான்கு வரி:

"ஐயா/அம்மணி, தங்கள் நிறுவனத்தின் கணக்கு உதவியாளர் பதவிக்கு விண்ணப்பிக்கிறேன். பலநோக்குக் கூட்டுறவுச் சங்கத்தில் மூன்று வருடங்கள் கணக்குப் பதிவு செய்துள்ளேன். சுயவிபரக்கோவையை இணைத்துள்ளேன். என் தொலைபேசி இலக்கம் கீழே உள்ளது."

குடும்பக் கஷ்டத்தை இதில் எழுதவேண்டாம். கொழும்பு கொம்பனிகளுக்கு ஆங்கிலம் தேவைப்படும். அப்போதும் இணையத்தில் எடுத்த பந்தியைவிட நீங்களே எழுதிய சின்ன வசனங்கள் நல்லது, ஏனென்றால் நேர்முகத்தில் பேசப்போவது நீங்கள்.

அரச அலுவலகங்களுக்குத் தமிழில் எழுதத் தயங்கவேண்டியதில்லை. தமிழில் தொடர்புகொள்ளும் உரிமையை அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரை தருகிறது. அரச வேலை என்றால் வர்த்தமானி அறிவித்தலில் உள்ள மாதிரிப் படிவத்தையே பின்பற்றுங்கள். கடித உறையின் இடது பக்க மேல் மூலையில் பதவியின் பெயரைக் கேட்டிருப்பார்கள், அதை மறந்துவிடாதீர்கள். முடிவுத் திகதிக்கு ஒரு கிழமைக்கு முன்னரே பதிவுத் தபாலில் சேர்த்து, பற்றுச்சீட்டைப் பத்திரமாக வைத்திருங்கள்.