செவி நரம்புக் கட்டியும் காமா கத்தியும்

திற்பரப்பு அருவியின் அருகே நின்றால், பக்கத்தில் இருப்பவர் பேசுவதே சரியாகக் கேட்காது. ஒரு காது மங்கியவர்களுக்குச் சந்தையும் கல்யாண வீடும் இப்படித்தான். செவி நரம்புக் கட்டிக்குக் கதிர்வீச்சு பெற்ற பலரின் நிலை இது.

இக்கட்டி புற்றுநோய் அல்ல. ஆனாலும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அறுவையில் பலர் இறந்தனர். அமெரிக்க மருத்துவர் ஹார்வி குஷிங், கட்டியை முழுவதும் எடுக்காமல் உட்பகுதியை மட்டும் குடைந்தெடுத்து மரணங்களைக் குறைத்தார். 1917இல் இதுபற்றி நூலும் எழுதினார். இந்தியாவில் ஜேக்கப் சாண்டி 1949இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் நரம்பியல் அறுவைத் துறையைத் தொடங்கினார்.

கோபால்ட்-60 கதிர்களை ஒரே இடத்தில் குவிக்கும் காமா கத்தியை உருவாக்கியவர் சுவீடனின் லார்ஸ் லெக்செல். 1968இல் அது பயன்பாட்டுக்கு வந்தது. 1997இல் இந்தியாவுக்கும் வந்தது. 1990களில் கதிரின் அளவு குறைக்கப்பட்டதால் முகம் கோணுவது அரிதானது. கேட்கும் திறன் மட்டும், கட்டியின் வளர்ச்சி நின்ற பிறகும், பலருக்கு ஆண்டுக்கணக்கில் மெல்லக் குறைகிறது.

கேளாத பக்கத்து ஒலியை நல்ல காதுக்கு அனுப்பும் கருவிகள் உண்டு. செலவில்லாத வழியும் உண்டு: வீட்டார் நல்ல காதுப் பக்கம் அமர்ந்து, முகம் பார்த்து, நிதானமாகப் பேச வேண்டும்.